பிஞ்சுக் காலம்: பங்குனி, சித்திரைச் சந்தையில் வாங்குவதும் சமைப்பதும்

மார்ச் பாதியில் தொடங்கி மே பாதி வரை, பங்குனியும் சித்திரையும் நடக்கும்போது, தமிழ்நாட்டுக் காய்கறிக் கடைகள் கொஞ்சம் வறண்டுதான் தெரியும். கீரைக்கட்டு மெலிந்திருக்கும். மார்கழி, தையில் குவிந்து கிடந்த மொச்சையும் அவரையும் ஒதுங்கியிருக்கும். ஆனால் அதே சந்தையின் ஓரத்தில் சாக்கு விரித்துக் கூறு கட்டி விற்பவர்களிடம் போய்ப் பாருங்கள். மாவடு, பலாமூசு என்கிற பலாப்பிஞ்சு, வேப்பம்பூ, வெள்ளரிப்பிஞ்சு, கொஞ்ச நாள் தள்ளி நுங்கு. இவற்றில் எதுவுமே பழுத்ததில்லை. எல்லாம் பூவிலோ பிஞ்சிலோ பறித்தவை.

அதனால் இந்தப் பருவத்துச் சமையலில் பாதி வேலை சந்தையிலேயே முடிந்துவிடுகிறது. முற்றிய வடுவையும் கொட்டை கட்டிய மூசையும் எந்தக் கைப்பக்குவமும் காப்பாற்றாது. இளசாகப் பார்த்து வாங்கிவிட்டால், அப்புறம் அடுப்படியில் பெரிய வித்தை எதுவும் தேவையில்லை. இந்த வழிகாட்டியில் சமைப்பதைப் பற்றி எழுதியிருக்கும் அளவுக்குத் தேர்ந்தெடுப்பதைப் பற்றியும் இருப்பது அதனால்தான். எது முதலில் சந்தையை விட்டுப் போகுமோ அதை முதலில் வைத்திருக்கிறேன்.

சந்தைக்குப் போகும்போது

உங்கள் ஊரில் உழவர் சந்தை இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். 1999-இல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயிகளே நேரடியாக விற்பார்கள், அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும். வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும். இந்த மாதங்களில் ஒன்பது மணிக்கு மேல் கிடைக்கும் பிஞ்சு எல்லாம் பாதி வாடியது.

பிளாஸ்டிக் பை வேண்டாம், துணிப்பை போதும். பிளாஸ்டிக்கில் காய் வேர்த்துப் புழுங்கி, வீட்டுக்கு வருவதற்குள் வெள்ளரிப்பிஞ்சு வழவழப்பாகிவிடும். விற்பவரிடம் "இது எப்போது பறித்தது?" என்று கேட்கத் தயங்காதீர்கள். "காலையில் பறித்தது" என்று எல்லோரும்தான் சொல்வார்கள். காம்பைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்: காம்பு ஈரமாக, பச்சையாக இருந்தால் புதிது. காய்ந்து பழுப்பேறியிருந்தால் நேற்றையது.

மாவடு

மாசிக் கடைசியில் எட்டிப்பார்த்து, பங்குனி முடிவதற்குள் காணாமல் போய்விடும். மா மரம் பூக்கிற பூவில் மிகச் சிறிய பங்குதான் காயாக நிற்கும், பிடித்த பிஞ்சிலும் நிறைய உதிர்ந்துவிடும். ஆனால் காற்றில் கீழே விழுந்து அடிபட்ட வடு ஊறுகாய்க்கு ஆகாது. அடிபட்ட இடத்தில்தான் அழுகல் தொடங்கும், ஒரு வடு அழுகினால் ஜாடி முழுக்க வாடை பரவும். கையால் பறித்ததா என்று கேட்டு வாங்குங்கள். காம்போடு இருந்தால் பெரும்பாலும் பறித்தது.

உருண்டை வடு, நீள வடு என்று இரண்டு விதமாக வரும். அழகர்கோவில் பக்கத்து உருண்டை வடுவுக்கு மதுரைக்காரர்களிடம் தனி மரியாதை உண்டு. எனக்கும் உருண்டைதான் பிடிக்கும், சதை அடர்த்தியாக இருக்கும். ஒன்றை நகத்தால் கீறி முகர்ந்து பாருங்கள், மாங்காய் மணம் சுள்ளென்று ஏற வேண்டும். இன்னொன்றை இரண்டாக நறுக்கச் சொல்லிப் பாருங்கள். உள்ளே விதை வெள்ளையாக, கத்திக்கு அடங்குவதாக இருக்க வேண்டும். ஓடு கட்டத் தொடங்கியிருந்தால் அது வடு இல்லை, குட்டி மாங்காய். அதைச் சாம்பாருக்கு எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு கிலோ வடுவுக்கு: கல் உப்பு 175 கிராம், மிளகாய் வற்றல் 50 கிராம், கடுகு 25 கிராம், மஞ்சள் தூள் ஒரு தேக்கரண்டி, சமையலுக்கு உகந்த விளக்கெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. விளக்கெண்ணெய் வாசனை ஆகாதவர்கள் நல்லெண்ணெய் சேர்க்கலாம், சுவை கொஞ்சம் மாறும்.

முதல் நாள்: காம்பை நகத்தளவு விட்டு மீதியைக் கிள்ளிவிடுங்கள். அடியோடு கிள்ளினால் பால் வடியும், அது தோலில் பட்டால் புண்ணாகும். கிள்ளும்போது முகத்துக்கு நேராக வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. வடுவைக் கழுவி, துணியில் பரப்பி, நிழலில் ஈரம் துளியும் இல்லாமல் உலர விடுங்கள். இதில் அவசரம் காட்டினால் பூஞ்சை நிச்சயம். உலர்ந்ததும் விளக்கெண்ணெயை எல்லா வடுவிலும் படும்படி புரட்டுங்கள். வடு கறுக்காமல், கடித்தால் நறுக்கென்று இருக்க இதுதான் காரணம் என்பது பெரியவர்கள் கணக்கு. பீங்கான் ஜாடியிலோ கண்ணாடி ஜாடியிலோ ஒரு வரிசை வடு, ஒரு பிடி உப்பும் மஞ்சளும், மறுபடி வடு என்று அடுக்கி, துணியால் வாயைக் கட்டிவிடுங்கள். உலோகப் பாத்திரம் கூடாது, உப்பும் புளிப்பும் அதை அரிக்கும்.

இரண்டாம் நாளிலிருந்து: காலையிலும் மாலையிலும் ஜாடியைக் குலுக்குங்கள், அல்லது ஈரமில்லாத மரக்கரண்டியால் அடி மேலாகக் கிளறுங்கள். உப்பு வடுவுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கும். நாம் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றாமலே இரண்டு மூன்று நாளில் ஜாடியில் தண்ணீர் ஊறி மேலே வரும், வடுவின் தோல் சுருங்கும்.

நான்காம் அல்லது ஐந்தாம் நாள், வடு நன்றாகச் சுருங்கியதும்: மிளகாயையும் கடுகையும் வெயிலில் ஒரு மணி நேரம் காய வைத்து மிக்ஸியில் பொடியுங்கள். கடுகை வறுக்கக் கூடாது. பச்சைக் கடுகை அரைத்து ஈரம் சேரும்போது எழும் காரம்தான் மூக்கில் ஏறுகிற அந்த நெடியைத் தருகிறது, பூஞ்சை வராமல் தடுப்பதிலும் அதற்குப் பங்குண்டு. வறுத்தால் இரண்டும் போய்விடும். ஜாடியிலிருந்து கொஞ்சம் உப்புநீர் எடுத்துப் பொடியைக் கரைத்து, திரும்ப ஊற்றிக் கிளறுங்கள். நன்னாரி வேர் அல்லது மாகாளிக்கிழங்குத் துண்டு கிடைத்தால் போடலாம், மணம் பிரமாதமாக இருக்கும்.

இரண்டு வாரத்தில் சாப்பிடலாம். அதற்குள் ஜாடியைத் திறந்து திறந்து ருசி பார்க்காமல் இருப்பதுதான் சிரமம். வடு எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கியே இருக்க வேண்டும். தண்ணீர் போதாவிட்டால் உப்பு சேர்த்துக் கொதிக்க வைத்து, முழுக்க ஆறிய நீரை ஊற்றுங்கள். மேலே வெள்ளையாகப் படலம் கட்டினாலோ வடு கொழகொழத்தாலோ உப்பு குறைந்துவிட்டது அல்லது ஈரம் போய்விட்டது என்று அர்த்தம். அப்படி ஆனதைச் சாப்பிட வேண்டாம்.

வடு தீர்ந்த பிறகு ஜாடியில் மிஞ்சும் தண்ணீரைக் கொட்டாதீர்கள். நீர்மோரில் ஒரு கரண்டி விட்டால் வேறு உப்பே வேண்டாம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மட்டும் தயிர்சாதத்துக்கு ஒரு வடுவோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

வேப்பம்பூ

இதைப் பெரும்பாலும் வாங்க வேண்டியதே இல்லை. பங்குனியில் ஊரெல்லாம் வேம்பு பூத்துக் கொட்டும். போக்குவரத்து மிகுந்த சாலையோர மரத்தைத் தவிர்த்துவிடுங்கள், புகையும் தூசியும் பூவில் அப்பியிருக்கும். வீட்டுக் கொல்லை, கோயில் வளாகம், தோட்டத்து மரம் என்றால் சரி. முதல் நாள் மாலை மரத்தடியைப் பெருக்கி ஒரு பழைய வேட்டியை விரித்துவிட்டால், விடியற்காலையில் பூ விழுந்து கிடக்கும். வெயில் ஏறுமுன் அள்ளிவிடுங்கள்.

முறத்தில் போட்டுப் புடைத்தால் காம்பும் சருகும் மணலும் பிரிந்துவிடும். புதுப் பூவைச் சமைப்பதானால் ஒரு முறை அலசி உடனே உலர்த்துங்கள். சேமிப்பதானால் அலசாமல், நன்றாகப் புடைத்து, மூன்று நான்கு நாள் காய வைக்க வேண்டும். கையில் எடுத்து நொறுக்கினால் சலசலவென்று உதிரும் பதம் வந்ததும் டப்பாவில் அடைத்தால் ஒரு வருஷம் நிற்கும்.

சித்திரை முதல் நாள், பெரும்பாலும் ஏப்ரல் 14, மாங்காய்ப் பச்சடியில் இந்தப் பூ சேரும். பச்சடிக்கு நடுத்தர அளவு மாங்காய் ஒன்றைத் தோல் சீவித் துண்டுகளாக்குங்கள். ஒரு தம்ளர் நீர், மஞ்சள், சிட்டிகை உப்பு, கீறிய பச்சை மிளகாய் ஒன்று சேர்த்து வேக விடுங்கள். துண்டு குழையும் பதத்துக்கு வந்த பிறகுதான் வெல்லம். முன்னாலேயே வெல்லத்தைப் போட்டால் மாங்காய் விறைத்துக்கொண்டு வேகவே வேகாது. வெல்லம் 100 முதல் 150 கிராம் வரை, மாங்காயின் புளிப்பைப் பொறுத்தது. வெல்லத்தைத் தனியே கரைத்து வடிகட்டி ஊற்றினால் மண் போகும். ஐந்து நிமிடம் கொதித்ததும் ஒரு தேக்கரண்டி அரிசி மாவைத் தண்ணீரில் கரைத்து விட்டால் சேர்ந்தாற்போல வரும். கடைசியில் நெய்யில் கடுகு, மிளகாய் வற்றல் தாளித்து ஊற்றி, தனியாக ஒரு தேக்கரண்டி நெய்யில் பூவைக் கருஞ்சிவப்பாக வறுத்து, பரிமாறும் நேரத்தில் தூவுங்கள்.

பூவைப் பச்சடியோடு சேர்த்துக் கொதிக்க விடுவது எனக்கு உடன்பாடில்லை. கசப்பு முழுதும் வெல்லப்பாகில் இறங்கி, பச்சடி முழுக்க ஒரே கசப்பாகிவிடுகிறது. மேலே தூவினால் இனிப்பும் புளிப்பும் நாக்கில் இருக்கும்போதே இடையிடையே கசப்பு நொறுங்கும். அதுதான் இதன் அழகு.

ரசத்துக்கும் இதே முறைதான். எலுமிச்சை அளவு புளியில் பாதியை இரண்டு தம்ளர் நீரில் கரைத்து, உப்பு, பெருங்காயம் சேர்த்துப் பச்சை வாசனை போகக் கொதிக்க விடுங்கள். நெய்யில் கடுகு, துவரம்பருப்பு ஒரு தேக்கரண்டி, மிளகாய் வற்றல் மூன்று தாளித்துக் கொட்டுங்கள். இன்னும் ஒரு தம்ளர் நீர் விட்டு, நுரை கட்டியதும் இறக்கிவிடுங்கள். ஒரு மேசைக்கரண்டி பூவை நெய்யில் வறுத்துப் போட்டு மூடி வையுங்கள். ஐந்து நிமிடம் கழித்துப் பரிமாறலாம். பருப்புத் தண்ணீரோ தக்காளியோ இதற்கு வேண்டாம். சூடான சாதமும் சுட்ட அப்பளமும் இருந்தால் போதும்.

பலாமூசு

பண்ருட்டி, புதுக்கோட்டை, கொல்லிமலை, குமரி மாவட்டம் என்று பலா விளையும் இடங்களில் பங்குனியில் மூசு தாராளமாகக் கிடைக்கும். சென்னையில் கொஞ்சம் தேட வேண்டும். ஒரு கிலோவுக்கு மேல் போகாத மூசாக எடுங்கள். முள் நெருக்கமாக, பசுமையாக இருக்க வேண்டும். முள் விரிந்து தட்டையாகத் தொடங்கினால் உள்ளே கொட்டை கட்டியிருக்கும். கடைக்காரர் நறுக்கித் தருவதாகச் சொன்னால் சந்தோஷமாகச் சம்மதியுங்கள், பால் பிசுக்கு அவரோடு போகட்டும்.

வீட்டில் நறுக்குவதானால் பழைய செய்தித்தாள் விரித்து, கைக்கும் கத்திக்கும் நன்றாக எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். வட்டமாக வில்லைகள் போட்டு, முள்தோலைக் கனமாகச் சீவி எறியுங்கள். உள்ளே முழுக்க வெள்ளையாக இருந்தால் நடுத்தண்டையும் சேர்த்தே சமைக்கலாம், தண்டு கெட்டியாக இருந்தால் நீக்கிவிடுங்கள். நறுக்க நறுக்கத் துண்டுகளை மோர் கலந்த மஞ்சள் தண்ணீரில் போட வேண்டும், இல்லாவிட்டால் கறுத்துப் போகும். கத்தியில் ஒட்டிய பாலுக்கு சோப்பு உதவாது. எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு அப்புறம் கழுவுங்கள்.

பொடிமாஸ் செய்ய: துண்டுகளை உப்பு, மஞ்சள் சேர்த்துக் குக்கரில் இரண்டு விசில் விட்டு, நீரை ஒட்ட வடித்து ஆறவையுங்கள். பிறகு உரலில் இடியுங்கள். மிக்ஸியில் போட்டால் ஒரு சுற்றோடு நிறுத்த வேண்டும், இன்னொரு சுற்று போனால் கூழ்தான். நாராக உதிர்வதுதான் பதம். மூன்று மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, உதிர்த்த மூசைப் போட்டு மெல்லிய தீயில் பத்து நிமிடம் புரட்டுங்கள். அரை மூடித் தேங்காயை, ஒரு தேக்கரண்டி சீரகம், இரண்டு பச்சை மிளகாயோடு தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரைத்துச் சேர்த்து, இன்னும் ஐந்து நிமிடம். குமரிப் பக்கத்தில் இதை இடிச்சக்கைத் துவரன் என்பார்கள், இரண்டு பூண்டுப் பல்லையும் அரைப்பில் சேர்ப்பார்கள்.

பட்டை, கிராம்பு, சோம்பு எல்லாம் அரைத்துப் போட்டு, ஆட்டுக்கறி போலவே இருக்கிறது என்று மெச்சிக்கொள்ளும் வழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. தாராளமாகச் செய்யலாம். ஆனால் மூசுக்கென்று இருக்கும் அந்த இளந்துவர்ப்பு அதில் தெரியாது. ஒரு முறையாவது தேங்காயோடு நிறுத்திச் சாப்பிட்டுப் பாருங்கள்.

முருங்கைக்காயும் மாங்காயும், கொஞ்சம் கருவாடும்

மார்கழியில் விரல் வைக்க முடியாத விலைக்கு விற்ற முருங்கைக்காய் பங்குனிக்குப் பிறகு கட்டுக் கட்டாக வரும். இன்று நாம் வாங்கும் காய்களில் நிறைய, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம். ரகத்தைச் சேர்ந்தவை. காயை இரண்டு முனையிலும் பிடித்து முறுக்குங்கள். கயிறு போல வளைந்து கொடுத்தால் இளசு. விதை புடைத்து மேடு மேடாகத் தெரிந்தால் முற்றல், சதை இருக்காது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நாட்டுப்படகு மீன் மட்டும் வருவதால் விலை ஏறும். அசைவ வீடுகளில் கருவாட்டுப் பானையைத் திறக்க இது நல்ல நேரம். மாங்காயும் முருங்கையும் மலிவாக இருப்பதும் இப்போதுதான் என்பதால் மூன்றும் ஒரே சட்டியில் சேர்வது இயல்பு.

நெத்திலிக் கருவாடு 100 கிராம் எடுத்து, தலையைக் கிள்ளி, வெந்நீரில் பத்து நிமிடம் ஊற வைத்து, மணல் போக மூன்று நான்கு தண்ணீரில் அலசுங்கள். மண்சட்டியில் நல்லெண்ணெய் விட்டு, வெந்தயம், சின்ன வெங்காயம் இருபது, பூண்டு பத்துப் பல், தக்காளி ஒன்று வதக்கி, குழம்பு மிளகாய்த்தூள் இரண்டு மேசைக்கரண்டியும் நீரும் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். முதலில் முருங்கைக்காய். அது முக்கால் வேக்காடு வந்ததும் கெட்டியான மாங்காய்த் துண்டுகளும் சிறு நெல்லி அளவு புளியின் கரைசலும். ஐந்து நிமிடம் கழித்துக் கருவாடு. உப்பை எல்லாவற்றுக்கும் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள், கருவாட்டில் ஏற்கெனவே நிறைய இருக்கும். மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே வையுங்கள்.

சைவ வீட்டில் கருவாட்டுக்குப் பதில் பலாக்கொட்டை போட்டுப் பருப்போடு சாம்பாராக வைக்கலாம். மாங்காய் சேரும் சாம்பாருக்குப் புளியைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

சமைக்காமல் சாப்பிட

வெள்ளரிப்பிஞ்சை மிளகாய்ப்பொடி, உப்பு தொட்டுச் சாப்பிடுவதற்கு மேல் எதுவும் செய்ய வேண்டாம். மேலே மெல்லிய சுணை இருந்தால் புதிது.

நுங்கு சித்திரையில் வரும். தோலுரித்துப் பையில் கட்டி வைத்திருப்பதை வாங்காமல், கண்முன்னே காயைச் சீவச் சொல்லுங்கள். ஒரு காயில் பெரும்பாலும் மூன்று கண் இருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போக வேண்டும், நீர் தளும்ப வேண்டும். கல் போல இருந்தால் அது முற்றிப்போன நுங்கு, கடுக்காய் என்பார்கள், வயிற்றைக் கெடுக்கும். மேலிருக்கும் பழுப்புத் தோல் துவர்க்கும், சிலருக்கு அதுவே பிடிக்கும். உரித்த நுங்கு அன்றைக்குள் தீர்ந்துவிட வேண்டும். மிஞ்சினால் பொடியாக நறுக்கிக் குளிர்ந்த பாலில் போடுங்கள், சர்க்கரை ஒரு சிட்டிகை போதும்.

தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் போனால் பனையோலைப் பட்டையில் பதநீர் ஊற்றி, அதில் நுங்கை வெட்டிப் போட்டுத் தருவார்கள். பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள், ஆனாலும் வெயில் ஏற ஏறச் சுவை மாறிவிடும். காலையிலேயே குடித்துவிடுங்கள்.

வருஷத்துக்குப் புளி

இது பிஞ்சு இல்லைதான், ஆனால் வாங்க வேண்டிய நேரம் இதுவே. மாசி, பங்குனியில் புளி உலுக்கி முடித்துப் புதுப்புளி சந்தைக்கு வரும். இளஞ்சிவப்பாக, விரலில் ஒட்டும் சதையோடு இருப்பதை எடுங்கள். கறுப்பாக இருந்தால் போன வருஷத்துச் சரக்கு. ஓடு, நார், கொட்டை நீக்கி, இரண்டு நாள் சித்திரை வெயிலில் காய வைத்து, கிலோவுக்கு ஒரு பிடி கல் உப்பு வீதம் இடையிடையே தூவி, ஜாடியில் அழுத்தி அடையுங்கள். நாளாக ஆக நிறம் கறுக்கும், புளிப்பின் முரட்டுத்தனம் தணியும். அதனால் கையிருப்பில் இருக்கும் பழம்புளியை முதலில் தீர்த்துவிட்டு, புதியதை ஆடிக்குப் பிறகு திறங்கள். எடுக்கும்போது கை ஈரமாக இருக்கக் கூடாது.